சைனாடவுனில் நம்ம மாரியம்மன்



சிங்கப்பூரில் சைனாடவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியேறிய பழைய தெருக்கள் அவை. அந்த ஊரில் வேலை பார்க்கும் எங்க சித்தப்பா, லீவுல வந்தப்ப சொன்னதையும் போட்டோவில் காட்டியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

1822ல் ராஃபிள்ஸ் என்ற வெள்ளைக்காரர் சிங்கப்பூருக்கு ஊர்த் திட்டம் போட்டார். சீனர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு வேறு பக்கம் என்று பிரித்தார். அந்தச் சீனர் பக்கம்தான் சைனாடவுன் ஆனது.

ஆனால் அங்கே உள்ள மூணு தெருப் பேரைக் கேளுங்க: பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு. பகோடான்னா திங்கிற பக்கோடா இல்லை! கோபுரத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். எந்தக் கோபுரம்? நம்ம மாரியம்மன் கோயில் கோபுரம்! டெம்பிள் தெருவுக்கும் அந்தக் கோயில்தான் பேர் தந்தது. மாஸ்க் தெருவுக்குப் பேர் தந்த ஜாமே பள்ளிவாசலை 1826ல் தொடங்கியவர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே சாலையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கோயிலை ஆரம்பித்தவர் நாராயண பிள்ளை. 1819ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்தவர். முதலில் கொடுத்த இடத்தில் பூஜைக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை. அதனால் வேறு இடம் கேட்டு, 1823ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் வாங்கினார். 1827ல் மரத்தாலும் ஓலையாலும் கோயில் எழுந்தது. 1973ல் அது தேசிய நினைவுச் சின்னம் ஆனது.

தண்ணிக் கஷ்டம் சீனர்களுக்கும் இருந்தது. சைனாடவுனுக்குச் சீன மொழியில் உள்ள பேருக்கு ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்தது. நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வர்ற மாதிரி!

கப்பலில் வந்து இறங்கிய புது ஆட்கள், வேலை கிடைக்கும்வரை அந்தக் கோயிலில் தங்குவார்களாம். இப்போது சீனர்களும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள் என்று சித்தப்பா சொன்னாங்க.

நம்ம தூத்துக்குடிக்கும் இப்போ பீகார், ஒடிசாவிலிருந்து அண்ணன்மார் வேலைக்கு வர்றாங்க. வாடகைக்கு வீடு கேட்டா, “வடக்கத்தி ஆளுக்கு இல்லை”ன்னு சிலர் சொல்றதை நானே கேட்டிருக்கேன். நம்ம ஆட்களும் ஒரு காலத்தில் மூட்டையோடு அந்நிய ஊரில் போய் நின்றவர்கள்தானே? அவங்க வீட்டுப் பிள்ளை நம்ம வகுப்புக்கு வந்தால், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மில்லர்புரம்