பின்பாரம்

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எனக்கு இருமுறை கோபம் வந்தது. முதல் கோபம், இங்கே விமானம் ஏறிய இடத்தில். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் பவர் பேங்க் உண்டா என்று கேட்டார்கள். யோசியாமலே “இல்லை” என்றேன். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பலர் பார்க்கப் பெட்டியைத் திறந்தால், வேட்டியின் மடிப்புக்குள் அது இருந்தது! இரண்டாம் கோபம், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற சிறிய விமானத்தில். பாதி இடங்கள் காலி. முன்வரிசையில் அமர்ந்திருந்த என்னையும் வேறு மூவரையும் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். இதென்ன அதிகாரம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பிறகு படித்தறிந்தபோது, இரு கோபத்திற்கும் நியாயமில்லை என்பது விளங்கிற்று. நண்பர்களே, நம்மில் பலர் விடுமுறைதோறும் பறக்கிறவர்கள். ஆகவே அதனை ஈண்டு எழுதுகிறேன்.

நம் ஊர் வண்டிக்காரர் விஞ்ஞானம் படித்தவரல்லர். ஆனால் முன்பாரம், பின்பாரம் அறிந்தவர். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். எனவே மூட்டையை அரைமுழம் தள்ளி வைத்துச் சரிபார்ப்பார். வண்டிக்கு அச்சு எப்படியோ, அப்படி விமானத்திற்கு இறக்கை. விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையை ஒட்டி வகுக்கப்பட்ட ஒரு சிறு எல்லைக்குள் நிற்க வேண்டும். எல்லை கடந்து முன்னே போனால் மூக்கைத் தூக்குவது கடினம். பின்னே போனால் மூக்கு தானாக உயரப் பார்க்கும், விமானம் நிலைப்பை இழக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். விமானத்தின் மொத்த எடை 20,000 கிலோ என்று கொள்வோம். நால்வர் சேர்ந்து 300 கிலோ. அவர்கள் 10 மீட்டர் பின்னே நகர்ந்தால், 300-ஐப் பத்தால் பெருக்கி 20,000-ஆல் வகுக்க, ஈர்ப்பு மையம் 15 சென்டிமீட்டர் நகர்கிறது. அத்தகைய விமானத்தில் அனுமதிக்கப்பட்ட எல்லை முழுவதுமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். 15 சென்டிமீட்டர் அற்பமா? பயணிகள், பெட்டிகள், எரிபொருள் அனைத்தின் எடையையும் இடத்தையும் ‘லோடு ஷீட்’ என்னும் தாளில் கணக்கிட்டு, அதனை விமானி ஏற்ற பின்னரே விமானம் புறப்படும்.

சரியான இடத்தில் வைத்தால் மட்டும் போதுமா? வைத்தது நகரக்கூடாது. சிறு விமானங்களில் பெட்டிகளை அடுக்கி வலையால் தடுக்கிறார்கள். பெரிய விமானங்களில் உலோகப் பெட்டகங்கள் உண்டு. எல்.டி.3 என்னும் வகை, சரக்கோடு சேர்ந்து 1,588 கிலோ வரை இருக்கலாம். உருளைகள்மேல் தள்ளிக் கொண்டுபோய், தரையிலுள்ள பூட்டுகளை நிமிர்த்தி நிறுத்துவார்கள். சிறிய அடிப்பாகமுள்ள கனமான பொருளாயின், தரை தாங்கும்படி அடியில் பலகையிட்டுப் பாரத்தைப் பரப்ப வேண்டும்.

கட்டு தளர்ந்தால் என்ன நேரும்? 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானத்தின் பாக்ராம் தளத்திலிருந்து எழுந்தது ஒரு போயிங் 747 சரக்கு விமானம். உள்ளே ஐந்து கவச வண்டிகள். எழும்போதே ஒரு வண்டி கட்டறுந்து பின்னே ஓடி, ஹைட்ராலிக் குழாய்களையும் வாற்சிறகை இயக்கும் கருவியையும் நொறுக்கிற்று. விமானத்திலிருந்த எழுவரும் மாண்டனர்.

எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்பவற்றுக்கு மேலாக, பெட்டிக்குள் இருப்பது என்ன என்னும் கேள்வி உண்டு. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யூஜெட் 592, சதுப்பு நிலத்தில் வீழ்ந்து 110 பேர் இறந்தனர். அதன் சரக்கறையில், காலங்கடந்த ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள் நூற்றுக்கு மேல், காகித அட்டைப் பெட்டிகளில் இருந்தன. பாதுகாப்பு மூடிகள் இடப்படவில்லை. தாளில் எழுதியிருந்ததோ, ‘காலி’ என்று! குப்பியிலுள்ள சோடியம் குளோரேட் சிதையும்போது ஆக்சிஜனோடு கடுஞ்சூடும் பிறக்கும். அந்த அறை காற்றுப்புகாதது. தீப்பற்றினால் ஆக்சிஜன் தீர்ந்து தானே அணையும் என்று எண்ணியிருந்தனர். ஆனால் அன்று சரக்கே ஆக்சிஜனைத் தந்தது. புகையறியும் கருவியும் அங்கில்லை. அத்தகைய அறைகளில் புகையறி கருவியும் தீயணைப்பு ஏற்பாடும் வேண்டும் என்று 1998-இல் அமெரிக்கா சட்டம் செய்தது.

இன்று நம் பெட்டிகளில் இருப்பது லித்தியம் மின்கலம். அது பழுதுற்றுச் சூடேறினால், ஒரு கலம் அடுத்த கலத்தைப் பற்ற வைக்கும். சரக்கறையில் இடும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கலாம். கலத்துக்குள் எழும் வெப்பத்தை நிறுத்துவது அரிது. பயணிகள் விமானங்களில் லித்தியம் அயன் மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடுக்கப்பட்டது. பவர் பேங்க் கைப்பையில் வரவேண்டும். அங்கே புகைந்தால் கண்ணுக்குத் தெரியும், கை எட்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 மில்லி ஆம்பியர்-மணி கலத்தை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, ஆகவே கவலையில்லை.

பாரம் ஏற்றுபவர் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாம் சொல்வதை நம்பியே அடுக்குகிறார். அன்று ஒருவர் ‘காலி’ என்று எழுதினார்; நான் “இல்லை” என்று சொன்னேன். என்னுடையதைக் கருவி கண்டுபிடித்தது. அந்த வேறுபாட்டை எண்ணினால் இன்றும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

வரும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவேன். பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். பின்வரிசைக்குப் போகச் சொன்னால், முணுமுணுக்காமல் போவேன்.