சொல்லால் ஆன உலகில் புதிதாய் நுழைவோர்

நம் சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபொழுது, கட்டுரை எழுதும் அளவுக்கு எனக்குப் புலமை இல்லையே என்று தயங்கினேன். "இரவெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறீரே, அதைப் பற்றியே எழுதும்" என்றார் அவர். ஆகவே இக்கட்டுரையின் குறைகளுக்கு அவரும் பாதிப் பொறுப்பாளி.

நான் தட்டிக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டு. அதில் படம் இல்லை. திரையில் எழுத்து மட்டுமே உண்டு. ஒரு பழைய கோயிலின் முன் நான் நிற்பதாகவும், வடக்கே ஒரு சந்து செல்வதாகவும் கணிப்பொறி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். 'நார்த்' என்று தட்டினால் வடக்கே நடப்பேன். 'லுக்' என்று தட்டினால் சுற்றிலும் இருப்பவற்றை அது வருணிக்கும். அச்சந்திலே ஒரு வணிகனும் ஒரு வீரனும் நின்றால், வணிகன் கணிப்பொறியின் படைப்பாக இருக்கலாம். வீரனோ எங்கோ ஒரு நாட்டில் தம் வீட்டில் அமர்ந்து என்னைப் போலவே தட்டிக்கொண்டிருக்கும் மனிதர். ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, பேசியும் போரிட்டும் அவ்வுலகில் வாழ்கின்றனர். இவ்வகை ஆட்டத்தை 'மட்' என்பர். 'மல்ட்டி யூசர் டஞ்சன்' என்பதன் சுருக்கம் அது. பலர் கூடி உலவும் நிலவறை என்று பொருள் கொள்ளலாம்.

இதைத் தோற்றுவித்தவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக் கழகத்தில் பயின்ற ராய் டிரப்ஷா என்பவர் இதைத் தொடங்கினார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்து முழுமையாக்கினார். பல்கலைக் கழகத்துக் கணிப்பொறி ஓய்ந்திருக்கும் இரவு வேளைகளில் வெளியாரும் தொலைபேசிக் கம்பி வழியே வந்து ஆடினர். 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் என்பவர் 'டைனிமட்' என்ற ஒன்றை இயற்றினார். அதில் உரையாடலும், புது இடங்களை எழுதிச் சேர்த்தலுமே முதன்மை. 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக் கழக மாணவர்கள் 'டிக்குமட்' என்பதை வெளியிட்டனர். அதன் நிரலைப் பிறரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அதைத் திருத்தி ஊருக்கொரு உலகம் செய்துகொண்டார்கள். நான் ஆடுவதும் அந்த வழித்தோன்றல்களில் ஒன்றே.

பிறகு படத்தோடு கூடிய ஆட்டங்கள் வந்தன. 1997இல் 'அல்டிமா ஆன்லைன்', 1999இல் 'எவர்குவெஸ்ட்' என்று வரிசையாக வரவே, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. எழுத்துலகங்களில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள். இருபது ஆண்டுகளாக ஒரே சந்தில் நடந்து பழகியவர்களுக்கு அச்சந்தின் மேடுபள்ளம் தெரிவதில்லை. புதிதாய் வருபவன்தான் இடறி விழுகிறான். விழுந்தவன் மறுநாள் வருவதில்லை. வருவோர் இல்லையேல் அவ்வுலகம் ஒருநாள் அணைந்துபோகும்.

என் முதல் இரவைச் சொல்கிறேன். எந்தப் பெயரால் அறியப்பட விரும்புகிறாய் என்று கேட்டது. மகிழ்ந்து ஒரு பெயர் சொன்னேன். பிறகு என் இனம் என்ன, தொழில் என்ன, எவ்வெத் திறமைகள் வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. இன்னும் உள்ளேயே நுழையாதவனுக்கு இவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லி உள்ளே போனேன். கதவைத் திறக்க விரும்பி, பள்ளியில் கற்ற முறைப்படி முழு வாக்கியமாக, தயவுசெய்து கதவைத் திற என்று ஆங்கிலத்தில் தட்டினேன். "ஹ?" என்று ஒரே எழுத்தில் மறுமொழி வந்தது. நம் விடுதிச் சமையற்காரரிடம் முதல் நாள் நான் பேசிய இந்திக்கும் இதே மறுமொழிதான் கிடைத்தது. ஆனால் அவராவது பிறகு சிரித்தார்.

இந்த "ஹ?" ஏன் வருகிறதென்றால், நிரலானது நாம் தட்டும் முதற் சொல்லை எடுத்துத் தன்னிடமுள்ள கட்டளைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இருந்தால் செய்யும், இல்லையேல் கைவிரிக்கும். இதைத் திருத்துவது பெரிய காரியமன்று. தட்டிய சொல்லுக்கு நெருங்கிய கட்டளை எதுவென்று பார்த்து, இதையா கருதினாய் என்று கேட்கச் செய்யலாம். அதனினும் நல்லது, புதியவர்கள் தட்டிப் பயனற்றுப்போன சொற்களையெல்லாம் ஓர் ஏட்டில் தானே குறித்துவைக்குமாறு நிரலை அமைப்பது. வாரந்தோறும் அந்த ஏட்டைப் புரட்டினால், மக்கள் இயல்பாக எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்பது விளங்கிவிடும். அச்சொற்களையே கட்டளைகளாகச் சேர்த்துவிடலாம். பலருடைய தாய்மொழி ஆங்கிலமன்று என்பதை இந்த ஏடு நன்றாகவே காட்டும்.

இனமும் தொழிலும் கேட்பதை ஒத்திவைப்பதும் எளிதே. முதலில் நடக்கவிடட்டும், இரண்டு கதவுகளைத் திறக்கவிடட்டும், பிறகு கேட்கட்டும். 'ஆர்ட்வுல்ஃப்' என்னும் மட்டில், புதியவர் செய்து பார்த்துக் கற்பதற்கென்றே ஒரு கல்விக்கூடத்தை உலகின் உள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். நீண்ட உதவிக் குறிப்பை முதற்பக்கத்தில் ஒட்டுவதைக் காட்டிலும் இது மேல். அக்குறிப்புகளை எழுதுவோர் எல்லாம் அறிந்தவர்கள்; அவர்கள் எழுதுவதும் எல்லாம் அறிந்தவர்களுக்கே விளங்குகிறது.

சாவு என்று ஒன்றும் இருக்கிறது. எசெக்ஸில் பிறந்த முதல் ஆட்டத்தில் போரில் ஒருவர் கொல்லப்பட்டால் அவ்வேடமே அழிந்துபோகும். அதுவரை ஈட்டியதெல்லாம் போயிற்று. பழகியவர்க்கு அந்த அச்சமே சுவை. முதல் நாள் வந்தவனுக்கோ அது வெளியே போகும் வழி. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆடுவோரை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க விரும்புவோர், புதுமை தேடுவோர், உறவாட வருவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர். நான்காம் வகையினர் பெருகினால் மற்றவர் குறைவர் என்பது அவர் கருத்து. முதற் சில படிகள் வரை புதியவனை யாரும் தாக்கலாகாது என்று விதி செய்வதே இதற்கு மருந்து என்று நான் கருதுகிறேன்.

இனி என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஓராண்டு மூத்தவர். என் விடுதியிலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு அவர் பாடமும் படிக்கிறார், மடல்களும் எழுதுகிறார். விடுதியில் மற்றவர் படவிளையாட்டு ஆடும்போது அவர் ஓரமாக அமர்ந்து ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "அண்ணா, எழுத்தாலேயே ஆன ஆட்டம் ஒன்று உண்டு" என்று நான்தான் அவரை அழைத்துச் சென்றேன்.

வாயிலிலேயே சங்கடம். அந்த உலகத்தார் வரவேற்புக்காக நட்சத்திரக் குறிகளாலும் சாய்கோடுகளாலும் ஒரு கோட்டையை வரைந்து வைத்திருந்தார்கள். படிக்கும் மென்பொருள் "சாய்கோடு, சாய்கோடு, நட்சத்திரம், அடிக்கோடு" என்று அந்தக் கோட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் படித்தது. "தம்பி, உன் கோட்டைக்குள் நுழையவே மாலையாகிவிடும் போலிருக்கிறதே" என்றார் அவர். அதற்குள் அங்கே நின்ற பழைய ஆட்டக்காரர் ஒருவர், புதியவர் என்பதைக் கண்டு, எழுத்துருவாக்கிய படங்களையும் நிலப்படங்களையும் நிறுத்தும் கட்டளை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வரி வந்திராவிட்டால் நண்பர் அன்றே எழுந்து போயிருப்பார். பார்வையற்றோர் ஆடுவதற்கு வசதியான எழுத்துலகங்கள் உண்டு என்று பின்னரே அறிந்தோம். 'ஆல்ட்டர் இயான்' என்பது அவருள் பலர் விரும்பி ஆடுவது. நுழையும்போதே, படிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறீரா என்று கேட்டு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் உலகங்களும் இருக்கின்றன. ஒரு கேள்வி, அவ்வளவே.

உதவி செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'அக்கேயா' முதலிய ஆட்டங்களில் புதியவர் கேள்வி கேட்பதற்கென்றே தனி ஓடை ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்டால் யாரேனும் விடை சொல்வர். நல்ல ஏற்பாடு. ஆனால் சில பெருந்தனவான்கள் இருக்கிறார்கள். புதியவனைக் கண்டதும் தம்மிடமுள்ள விலையுயர்ந்த வாளையும் கவசத்தையும் அவன் கையில் திணித்து, மூன்று கட்டளைகளில் காட்டையே வெட்டிச் சாய்க்கச் செய்துவிடுவார்கள். எனக்கும் அப்படி ஒரு வாள் கிடைத்தது. இரண்டே நாளில் சலித்துவிட்டது. அதை ஓர் ஆற்றில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு வேடத்தோடு தொடங்கினேன். வழி கேட்டவனுக்கு வழி சொன்னால் போதும். தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டியதில்லை.

கீழ்த்தளத்து அண்ணா இப்பொழுது அவ்வுலகில் என்னைவிடப் பல படி மேலே இருக்கிறார். பெரும்பாலான இரவுகளில் கோயில் வாசலிலேயே நிற்கிறார். சென்ற வாரம் யாரோ ஒருவர் வந்து, முழு வாக்கியத்தில், கதவு எங்கே என்று கேட்டார். நான் விடை தட்டுவதற்குள் அண்ணா தட்டிவிட்டார். கிழக்கே மூன்று அடி, பிறகு 'ஓப்பன் டோர்' என்று எழுது, அங்கே ஒரு நாய் இருக்கும், கடிக்காது என்று.