கணினிப் பெட்டியும் வாக்குப் பெட்டியும்

கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவிலே, அந்தி மயங்கும் நேரம். "அண்ணே! ஆட்சியாளர் நம்மிடமே யோசனை கேட்கிறார்கள். கைப்பேசியிலே எழுதினால் போதும்!" என்றார் தோழர் ஒருவர். மகிழ்ந்தோம். எதிரே எரியாத தெருவிளக்கு. "இதை யாரிடம் கேட்பது?" என்றோம். சிரித்தார், பதில் வரவில்லை.

கணினி கண்டு கலங்குவோரல்ல நாம். 1998-லே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாக்கிச் சிற்றூர்தோறும் தகவல் மையம் வைத்ததே, மறப்போமா? எம்பலத்திலே கோயில் வளாகத்திலே கணினி! இயக்கியோர் ஊர்ப் பெண்கள்! எச்சாதியாரும் நுழையலாம் என்பது நிபந்தனை. (கணினிக்காகவேனும் அந்த வாசல் திறந்ததே!) அதிகாரியின் அலமாரியிலே உறங்கிய வறுமைக்கோட்டுப் பட்டியல் ஏழையின் கண்ணெதிரே வந்தது. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கி சொல்லிற்று. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்குத் தொலைபேசியிலே எச்சரிக்கை வந்தது. மையத்து ஒலிபெருக்கி முழங்கிற்று. ஊர் ஓடிற்று, உயிர் பிழைத்தது!

செய்தி வந்தது, சரி. தீர்மானம் போட மன்றம் வேண்டாமா? புதுவையிலே 1968-லே உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது எப்போது? 2006-லே! அதுவும் உச்சநீதிமன்றம் இடித்துரைத்த பிறகு! 1968-லே பிறந்த பிள்ளை, மீசை நரைக்கத் தொடங்கிய வயதிலே, முதன்முதலாகத் தன் ஊர்த் தலைவருக்கு வாக்களித்தான். 2011-லே அந்த ஐந்தாண்டும் முடிந்தது. பத்தாண்டு நாற்காலி காலி. 2021-லே தேர்தல் என்று அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டு வழக்கிலே சிக்கி அதுவும் நின்றது. 98 கிராமப் பஞ்சாயத்துகள், தோழர்களே!

இதற்கிடையே 2014-லே தில்லி, 'மைகவ்' என்றொரு தளம் திறந்து, "எழுதுங்கள் யோசனையை" என்றது. எழுதலாம், தவறில்லை. யார் படித்தார், எதை ஏற்றார், எதை ஏன் தள்ளினார்? வார்டு உறுப்பினர் என்றால் தேநீர்க் கடையிலே மடக்கிக் கேட்போம். தளத்தை எந்தக் கடையிலே மடக்குவது?

எஸ்டோனியா என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. 2005-லே வீட்டிலிருந்தபடியே இணையத்திலே வாக்களிக்க வழி செய்தது. எந்தத் தேர்தலுக்கு? உள்ளாட்சித் தேர்தலுக்கு! அங்கே தேர்தல் முன்னே இருந்தது. கணினி பின்னே வந்தது. இங்கே யோசனைப் பெட்டி வந்துவிட்டது. வாக்குப் பெட்டிக்கு வழக்கு மன்றத்திலே வாய்தா!

தோழர் விடவில்லை. அங்கேயே நின்று, விளக்கைப் பற்றிக் கைப்பேசியிலே எழுதி அனுப்பினார். நொடியிலே விடை: "தங்கள் கருத்துக்கு நன்றி." கம்பத்தடி இருட்டிலே, அந்தக் கைப்பேசி வெளிச்சத்திலேயே அதைப் படித்தோம்.