ஃபியூஸை மாற்றினால் போதுமா?

தொழிற்சாலையில் நின்றுபோன மெஷினை மீண்டும் ஓடவைப்பது ஒரு வேலை. அதே கோளாறு திரும்ப வராமல் தடுப்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு மூலக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, 1978-இல் வெளிவந்த தமது நூலில் ஓர் உதாரணம் தருகிறார். மெஷின் நின்றுவிட்டது, சுமை கூடி ஃபியூஸ் போயிருந்தது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. எண்ணெய் ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் ஷாஃப்ட் தேய்ந்து ஆடியது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மாற்றினாலும், ஷாஃப்டையே மாற்றினாலும் கோளாறு திரும்பியே தீரும். வடிகட்டி பொருத்தினால்தான் தீர்வு.

இந்த 'ஐந்து ஏன்' முறையில் ஐந்து என்பது கட்டாயக் கணக்கல்ல. ஆனால் 'தொழிலாளி கவனிக்கவில்லை' என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு பாகம் தலைகீழாகவும் பொருந்துமானால், என்றாவது ஒருவர் அப்படிப் பொருத்தத்தான் செய்வார். ஒரே வாக்கில் மட்டும் பொருந்தும்படி அதை வடிவமைப்பதே பரிகாரம். இத்தகைய தவறுத் தடுப்பை ஒரு முறையாக வளர்த்தவர் ஷிகியோ ஷிங்கோ.

எல்லாக் கோளாறும் ஒரே சங்கிலியில் வருவதில்லை. ஃபவுண்டரியில் வார்ப்புக்குள் காற்றுத் துளை விழுந்தால், மணலில் ஈரம் மிகுந்திருக்கலாம். மணல் இறுகி வாயு வெளியேற வழியில்லாமல் போயிருக்கலாம். உருகிய உலோகத்திலேயே வாயு கரைந்திருக்கலாம். இப்படிப் பல காரணங்கள் இருக்கக்கூடிய இடத்தில் கவோரு இஷிகாவாவின் மீன்முள் வரைபடம் உதவும். தலைப்பக்கம் கோளாறு, முள்களில் ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை, அளவீடு, சூழல் என்று வகை பிரித்துக் காரணங்களை எழுதுவார்கள்.

வரைபடம் தருவது சந்தேகப் பட்டியல்தான். அதைச் சுருக்குவது கணக்கு. அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடம், எப்போதும் இருக்கும் சிறு ஏற்ற இறக்கத்தையும் தனிக் காரணத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்துக் காட்டும். மாற்றம் தொடங்கிய நாள் தெரிந்தால், அன்று புதிதாக வந்தது மணலா, ஆளா, அச்சா என்று தேடலாம்.

கடைசிப் படி சோதனை. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, மணலின் ஈரத்தை மட்டும் குறைத்து வார்க்க வேண்டும். துளை மறைந்து, ஈரத்தைக் கூட்டியதும் திரும்பி வந்தால் காரணம் உறுதி. வராவிட்டால் பட்டியலில் அடுத்ததைச் சோதிக்க வேண்டும்.