ஹெட்லைட் சுவிட்ச் அடிக்கடி கருகுகிறதா? ரிலே போடுங்கள்!

டிராக்டரில் கூடுதலாக இரண்டு வேலை விளக்குகளை மாட்டினாராம் வாசகர் ஒருவர். அதன் பிறகு ஹெட்லைட் சுவிட்ச் இரண்டு முறை கருகிவிட்டது. கடைசியாக, இரவு உழவின்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகையே வந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் ‘ரிலே போட வேண்டும்’ என்கிறாராம். அது அவசியமா, வீண் செலவா என்று கேட்டிருக்கிறார்.

அவசியம்தான். வைக்கோல் பாரம் ஏற்றும் வண்டியில் ஒயர் சூடாவது விளையாட்டு அல்ல. டிராக்டர், லோடு ஆட்டோ, ஜீப், கார் எல்லாவற்றிலும் ரிலேயின் வேலை ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் பாதி ரிப்பேரை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

சுவிட்ச் ஏன் கருகுகிறது?

55 வாட் பல்பு நான்கு என்றால் மொத்தம் 220 வாட். வீட்டில் 230 வோல்ட் மின்சாரத்தில் இதற்கு 1 ஆம்பியர்கூட ஓடாது. வண்டி பேட்டரியோ 12 வோல்ட். 220-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 18 ஆம்பியர். சூடு உண்டாக்குவது இந்த ஆம்பியர்தான். இரண்டு பல்புக்கான சுவிட்ச் வழியாக நான்கு பல்பின் கரன்ட் போனால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு சூடேறி, பிளாஸ்டிக் உருகுகிறது.

வெளிச்சமும் குறையும். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து பல்புக்குப் போகும் ஒயர் 6 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்பு எரியும்போதே ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே வீணாகும். அந்த 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரும், ரோட்டோரம் நடந்து வருபவரும் அந்தக் கால் பங்கு வெளிச்சத்தில்தான் கண்ணில் படுவார்கள்.

பம்ப்செட் ஸ்டார்ட்டரின் தம்பி

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்தினால் ‘டப்’ என்று சத்தம் கேட்கிறது அல்லவா? பட்டன் வழியாக மோட்டாருக்குக் கரன்ட் போவதில்லை. பட்டன் ஒரு காயிலை மட்டும் உயிர்ப்பிக்கிறது. காயில் காந்தமாகி, பெரிய கான்டாக்ட்டுகளை இழுத்துச் சேர்க்கிறது. ரிலேயும் இதேதான், தீப்பெட்டியைவிடச் சிறிய உருவத்தில்.

ரிலேயின் காயிலுக்குத் தேவை சுமார் 0.15 ஆம்பியர் மட்டுமே. அது சேர்த்துவைக்கும் கான்டாக்ட்டோ 30 ஆம்பியர் தாங்கும். சுவிட்ச் வழியாகச் சிறு கரன்ட் போகிறது. பல்புக்கான பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராகப் போகிறது. மதகின் திருகைச் சுற்றுவது ஒரு ஆள்தான். பாய்வது வாய்க்கால் தண்ணீர்.

எந்தக் காலில் எந்த ஒயர்?

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்.

85: காயிலின் ஒரு முனை. பாடி எர்த்துக்கு.
86: காயிலின் மறுமுனை. சுவிட்சிலிருந்து வரும் ஒயர்.
30: பேட்டரி பிளஸிலிருந்து, பியூஸ் வழியாக வரும் கன ஒயர்.
87: விளக்குக்குப் போகும் கன ஒயர்.

ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருப்பது அதுதான். அதில் விளக்கைக் கொடுத்தால் சுவிட்ச் போடாதபோது எரியும். நமக்கு அது வேண்டாம், காலியாக விடுங்கள்.

ஹெட்லைட்டில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். வேலை விளக்குகளுக்குத் தனி ரிலே, தனி சுவிட்ச். இரண்டு 55 வாட் பல்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் பியூஸும் போதும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எலி கடித்தோ, தகட்டில் உரசியோ ஒயர் பாடியில் பட்டால், பியூஸுக்கு முன்னால் உள்ள ஒயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை. பியூஸ் போனால் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சேற்றுழவு வண்டிகளில் ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி, உயரமான இடத்தில் மாட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் கால்கள் பச்சை பூத்துவிடும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

காது கொடுத்துக் கேளுங்கள்

விளக்கு எரியவில்லையா? சுவிட்சைப் போட்டு, ரிலேமேல் விரல் வையுங்கள்.

‘டிக்’ சத்தம் இல்லை என்றால், கோளாறு காயில் பக்கம். சுவிட்ச், அதன் பியூஸ், 85-ன் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் பிடிக்காது, சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

சத்தம் கேட்டும் எரியவில்லை என்றால், கோளாறு கான்டாக்ட் பக்கம். டெஸ்ட் லேம்பை 30-ல் வையுங்கள். எரியாவிட்டால் பியூஸ் போயிருக்கும். 30-ல் எரிந்து 87-ல் எரியாவிட்டால் ரிலே போய்விட்டது. இரண்டிலும் எரிந்தால் பல்பையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

சுவிட்சை அணைத்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், கான்டாக்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது ‘கடகட’ என்று அடித்தால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது அதன் முனை தளர்ந்திருக்கும். ஸ்டார்ட்டரை வாங்குவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

நடுவழியில் ரிலே போனால், அதே எண்களும் அதே ஆம்பியரும் உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகி வீடு வந்து சேரலாம். இருந்தாலும், டூல் பாக்ஸில் ஒரு ரிலேயும் இரண்டு பியூஸும் எப்போதும் இருக்கட்டும். அறுவடை இரவில் கடை திறந்திருக்காது.