ஜாடியில் இறங்காத எண்ணெய்

மாதச் சாமான் வந்த அன்று எண்ணெய் டின்னை என்ன செய்வோம்? அன்றைய தாளிப்புக்குப் போக மிச்சத்தைப் புனல் வைத்து ஜாடியில் ஊற்றிவிடுவோம். உடம்பும் அப்படித்தான். ஜாடி என்பது கொழுப்புச் செல். புனல், லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. ரத்தத்தில் வரும் கொழுப்பை உடைத்து உள்ளே இறக்குவது அதுதான்.

பருமன் ஆய்வுக்குச் சுண்டெலிகளுக்குப் போடும் தீனியில் கலோரியில் 60 சதவீதம் வரை கொழுப்பு இருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். சில மாதத்தில் ஜாடிகள் வழிய வழிய நிரம்பிவிடும்.

இங்கேதான் சி.எல்.ஏ. வருகிறது. இணைவுற்ற லினோலிக் அமிலம், அதுவும் ஒரு கொழுப்பே. வாட்டிய மாட்டிறைச்சியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், புற்றுநோயைத் தடுக்கும் பொருளாக இதைக் கண்டார்கள். தேடியது ஒன்று, கிடைத்தது வேறு! 1997-இல் அதே இடத்தில் தீனியில் 0.5 சதவீதம் கலந்து கொடுத்ததில் சுண்டெலிகளின் உடல் கொழுப்பு, அது தின்னாதவற்றைவிட ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது.

எப்படி? சி.எல்.ஏ. புனலைப் பிடுங்கிவிடுகிறது. ஜாடிகளில் சிலதை உடைத்தும் விடுகிறது. சரி, டின்னில் இருக்கும் எண்ணெய் எங்கே போகும்? சமையல் மேடையில்தான் கொட்டும். அந்த மேடை, கல்லீரல். சி.எல்.ஏ. தின்று மெலிந்த சுண்டெலிகளின் கல்லீரல் கொழுப்பேறி வீங்கியது, இன்சுலினும் எகிறியது. வெளியே ஒல்லி, உள்ளே பிசுக்கு.

நெய்யிலும் சி.எல்.ஏ. உண்டு என்று சந்தோஷப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி வேறு வகை. எலியை மெலிய வைக்கும் வகை அதில் சொற்பம்.

உடற்பயிற்சி போகும் வழி வேறு. அது அடுப்பைப் பற்றவைக்கிறது. தசைதான் அடுப்பு, ஓட ஓட அங்கே கொழுப்பு எரிகிறது. அடுப்பின் பக்கத்திலும் ஒரு புனல் உண்டு. பயிற்சி செய்தால் அது அகலமாகும், எண்ணெய் அந்தப் பக்கம் திரும்பும். கொழுப்புத் தீனி தின்ற பால்ப்-சி வகைச் சுண்டெலிகளுக்கு சி.எல்.ஏ.யும் கொடுத்து டிரெட்மில்லிலும் ஓடவிட்டார்கள். 2005-இல் வெளிவந்த முடிவின்படி அவற்றுக்குக் கொழுப்பு குறைவாகவே ஏறியது, கொழுப்பற்ற எடை கூடியது.

கடையில் விற்கும் மாத்திரையை வாங்கலாமா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள்: 30 கிராம் சுண்டெலி அந்த 0.5 சதவீதம் கலந்த தீனியை நாளைக்கு 3 கிராம் தின்றால் 15 மில்லிகிராம் சி.எல்.ஏ. உள்ளே போகும். எடைக்கு எடை பார்த்தால் 60 கிலோ ஆளுக்கு 30 கிராம், இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல். மனித ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் நாளைக்கு 3 கிராமை ஒட்டித்தான். குறைந்த எடையும் அந்த லட்சணம்தான்.