பத்தடிச் சட்டத்தின் மறுமுனையை யார் பிடிப்பது? ஒற்றை ஆளாக மரத்தளம் போட உதவும் உத்திகள்!

‘தன் கையே தனக்கு உதவி’ என்பார்கள். ஆனால், பத்தடி நீளச் சட்டத்தின் ஒரு முனையை நாம் பிடித்தால், மறுமுனையை யார் பிடிப்பது?

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது வேப்பம்பட்டு. இந்தப் பக்கத்துத் தனி வீடுகள் பலவற்றில் பின்பக்கம் கொஞ்சம் மண் தரை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் அங்கே சேறுதான். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தளம் போட்டால் துணி உலர்த்தலாம், மாலையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம், உதவிக்கும் ஆள் இல்லை என்பவர்களுக்காகவே இந்த யோசனைகள்.

எடையைக் கணக்கிடுங்கள்

4 அங்குலம் அகலம், 2 அங்குலம் கனம், 10 அடி நீளமுள்ள தேக்குச் சட்டம் சுமார் 10 கிலோ இருக்கும். சால் மரம் என்றால் 13 கிலோவைத் தாண்டும். ஒரு முனை எங்காவது உட்கார்ந்துவிட்டால் உங்கள் கைக்கு வருவது பாதி எடைதான். தனி ஆள் வேலையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது: இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தூக்காதீர்கள்.

மட்டம் பார்க்க டியூப் போதும்

சட்டங்களைத் தாங்கும் இரண்டு விட்டங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தின் ஒரு முனையை முதல் விட்டத்தில் கட்டிவிட்டு, மறுமுனையோடு நீங்கள் நடக்கலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், கவனம்.

தொங்கவிடும் பலகைத் துண்டு

சட்டத்தை, விட்டங்களுக்கு இடையே உள்ள அளவைவிட ஒரு நூல் குறைத்து அறுங்கள். சட்டம் தரையில் கிடக்கும்போதே, இரண்டு முனைகளின் மேல்பக்கத்திலும் ஓர் அடி நீளப் பலகைத் துண்டை வைத்து, இரண்டிரண்டு ஸ்க்ரூ போடுங்கள். துண்டு, முனையைத் தாண்டி ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டியிருக்கட்டும்.

இப்போது ஒரு முனையைத் தூக்கி, நீட்டிய பலகையை விட்டத்தின் மேல் உட்கார வையுங்கள். பிறகு நிதானமாக நடந்துபோய் மறுமுனையைத் தூக்கினால் போதும். சட்டம் இரண்டு பக்கமும் தொங்கி நிற்கும். விட்டமும் சட்டமும் மேலே ஒரே மட்டத்துக்குத் தானாகவே வந்துவிடும். கை இரண்டும் உங்களுக்கு ஃப்ரீ!

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களைச் சுவரின் மேல் உட்கார வைத்துத்தான் மேலே செங்கல் அடுக்கினார்கள். மரத்தைச் சுவர் தாங்க, மனிதர்கள் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். இங்கே அந்தச் சுவரின் வேலையைப் பலகைத் துண்டு செய்கிறது.

டேப்புக்குப் பதில் அளவுக் கட்டை

சட்டங்களின் நடுவுக்கு நடு 16 அங்குலம் என்றால், 2 அங்குலக் கனமுள்ள சட்டங்களுக்கு இடையே 14 அங்குலம் இடைவெளி வரும். அந்த நீளத்தில் இரண்டு கட்டைகளை அறுத்து, முனைக்கு ஒன்றாகச் செருகி, சி கிளாம்பால் இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் டேப் பிடிக்க வேண்டாம்.

மாட்டும் முன் ஒரு கண்ணை மூடிச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். லேசான வளைவு இருந்தால், மேடான பக்கம் மேலே வரட்டும். பாரம் ஏறும்போது அது சமமாகும்.

கடைசி ஸ்க்ரூ வரை ஏறாதீர்கள்

பலகைத் துண்டு தற்காலிகம்தான். துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியையோ எல் ஆங்கிளையோ இரு முனைகளிலும் பொருத்தி, துரு பிடிக்காத ஸ்க்ரூ போட்ட பிறகே துண்டைக் கழற்றுங்கள். அதுவரை எந்தச் சட்டத்தின் மீதும் கால் வைக்கக் கூடாது. கரையானுக்கு வழி விடாமல், மரம் மண்ணைத் தொடாதபடி கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்துங்கள். ஈரத் தரையில் டிரில்லிங் மெஷின் வேண்டாம்.

போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குவதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். இவையெல்லாம் முழங்கால் உயரத் தளத்துக்கு மட்டும்தான். மொட்டைமாடிக் கூரை, ஏணி மேல் நின்று செய்யும் வேலை என்றால் ஒற்றை ஆளாக இறங்கவே வேண்டாம். ஒருநாள் கூலியை மிச்சப்படுத்த இடுப்பெலும்பைப் பணயம் வைக்கலாமா?